கடைசியில் வந்த குழல்

சென்ற சனிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கச்சேரி கேட்டேன். மிருதங்கம் இல்லை, தம்பூரா இல்லை, தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் வித்வான்கூட இல்லை. நாலு பெண்கள், நாலு மரக்குழல்கள் — அவ்வளவுதான்.

இடம், ஒரு மிஷன் பெண்கள் டிரெயினிங் ஸ்கூல். குழலுக்குப் பெயர் ரிக்கார்டர். கிராமபோன் ரிக்கார்டு இல்லை, பயப்படாதீர்கள். நம் புல்லாங்குழலைப் பக்கவாட்டில் பிடிப்போமே, இதை நேராக வாயில் வைத்து ஊத வேண்டும். சின்னது ஒரு சாண், பெரியது முழங்கால் வரை. யுத்தத்துக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கியவை. ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன் வாசித்த பாட்டுகளை, அங்குள்ள வெள்ளைக்கார டீச்சர் — எல்லோருக்கும் மிஸ்ஸியம்மா — சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஆரம்பிக்கும் முன் நால்வரும் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். சூடு ஏறினால்தான் சுருதி நிற்குமாம். திண்டிவனத்து வெயில் போதாதா என்ன?

வாசிக்க ஆரம்பித்ததும் என் கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. முதல் பெண் ஒரு மெட்டை எடுத்தாள். அவள் கொஞ்ச தூரம் போனதும் இரண்டாமவள் அதே மெட்டை முதலிலிருந்து தொடங்கினாள். பிறகு மூன்றாமவள். கடைசியாக, பெரிய குழலோடு எஸ்தர் என்ற பெண். ஒன்றையொன்று இடிக்காமல் நாலும் சேர்ந்து... அடடா, என்ன சுகம்!

பாதியில் பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். எஸ்தரின் அப்பா மாசிலாமணி. காணை கிராமத்துப் பக்கம் பிறர் கரும்புக் கொல்லையில் கூலி வேலை. எந்த வரிசையிலும் கடைசியில் நிறுத்தப்பட்டே பழகிய மனிதர்.

"எல்லாரும் முன்னால போய்க்கினே இருக்காங்கம்மா. எம் பொண்ணை மட்டும் எதுக்குக் கடைசியில உட்டீங்க? இங்கயும் அதானா?"

குழல்கள் நின்றன. மிஸ்ஸியம்மா தன் தமிழில் விளக்கப் பார்த்தார். மாசிலாமணி காதில் ஏறவில்லை. பெட்டியை எடு, படிப்பு போதும், ஊருக்குப் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வருஷம் படித்தால் அந்தப் பெண் டீச்சர்!

எஸ்தர் அழவில்லை. "முடியற வரைக்கும் கேளு நைனா. அப்புறம் கூட்டிக்கினு போ," என்றாள்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். மாசிலாமணி உட்காரவே இல்லை. முதலில் தொடங்கியவள் முதலில் முடித்துக் குழலை இறக்கினாள். அடுத்தவள்... அதற்கடுத்தவள்... மிச்சம் எஸ்தரின் குழல் ஒன்றுதான். தலைமையாசிரியை, முன்வரிசைத் தாசில்தார், நான் — ஹால் முழுவதும் மூச்சுவிடாமல் அந்த ஒரு குழலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எஸ்தரின் பெட்டி ஹாஸ்டலிலேயே இருந்தது.

திரும்பும்போது விழுப்புரம் பாசஞ்சரில் என் எதிர் சீட்டில் மாசிலாமணி. மயிலம் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"கடைசியா எம் பொண்ணு ஒண்டியா ஊதுச்சே... தாசில்தார்கூட கம்முனு கேட்டுக்கினு இருந்தாருல்லீங்க?"

ஆமாம் என்றேன். விக்கிரவாண்டியில் மறுபடி கேட்டார். முண்டியம்பாக்கத்திலும் கேட்டார். நானும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னேன்.

ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுக்காது என்று அன்றைக்குத்தானே தெரிந்துகொண்டிருந்தேன்!