விபூதி போட்டுத் துலக்கிய குறுந்தகடு

விஜயதசமி, மாலை நாலே கால். கணினி மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, எங்கள் விளையாட்டுக் குறுந்தகட்டின் பளபளப்பான பக்கத்தில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். முந்தின நாள் ஆயுத பூஜையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கடைக்காரர், இதையும் விடவில்லை.

"எழுத்து இருக்கிற பக்கம் வெச்சிருக்கலாமேண்ணே," என்றேன்.

"வேலை செய்யற பக்கம் இதுதானேப்பா? வண்டிக்கு முன்னாடி வெப்பாங்களா, பின்னாடி வெப்பாங்களா?"

தொண்ணூறுகளின் கடைசி அது. அந்த மையத்தில் மூன்று கணினிகள். கடைக்காரர் மலைக்கோயில் மடப்பள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னோடு ஆட வருபவர் அத்தை மகன். அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டினார். தறி நிற்கும் நாளில் டவுன் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி கல்கோட்டைகளுக்குள் நடந்து, கைத்தடியிலிருந்து தீ உமிழ்ந்து பூதங்களைச் சுட வேண்டும். ஒருவர் ஆட வேண்டியதை நாங்கள் இருவராக ஆடினோம். அம்புக்குறிகளில் நான் நடத்துவேன், கன்ட்ரோல் பட்டனில் பாவா சுடுவார். ஒரு வருடம் ஆடி, கடைசிக் கோட்டை வாசலுக்கு வந்திருந்தோம். மறுநாள் பாவா சூரத் மில் வேலைக்குக் கிளம்புகிறார். அன்றே முடித்தாக வேண்டும்.

தகடு உள்ளே இருந்தால்தான் ஆட்டம் திறக்கும். ஈரத்துணியால் துடைத்திருந்தால் போதும். நான் துணி தேடுவதற்குள் கடைக்காரர் பூஜைத் தட்டிலிருந்து விபூதியை அள்ளித் தகட்டின் மேல் போட்டு, வட்டவட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். அவர் வீட்டு வெள்ளி விளக்குகளை அப்படித்தான் துலக்குவார்கள்.

"போதும்ணே, உடுங்க."

"இருப்பா, இன்னும் பளிச்சினு வரும்."

"அபிஷேகம் முடியட்டும் உடுடா," என்றார் பாவா. "அப்பால தீபாராதனை பார்க்கலாம்." அவர் சிரிக்கவில்லை.

தகடு முழுக்க மெல்லிய கீறல். டிரைவ் மூன்று முறை உறுமிவிட்டு அடங்கியது.

எட்டு வருடம் கழித்து அதே ஆட்டத்தைப் புதுக் கணினிகளுக்கு ஏற்றபடி செப்பனிட்டு வெளியிட்டிருந்தார்கள். என் வீட்டுக்கே கணினி வந்துவிட்டிருந்தது. பொங்கல் விடுமுறையில் வந்திருந்த பாவா, சூரத் திரும்பும் நாளில் மதியம் ஒரு மணிக்கு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசிக் கோட்டையை நேராகத் திறக்க வழி இருந்தது. திறந்தேன்.

கல்லில் பாசி தெரிந்தது. பூதத்தின் பற்களை எண்ணலாம். ஆனால் திரும்புவதும் சுடுவதும் இப்போது ஒரே மவுஸில்.

"நான் இந்தப் பக்கம் திரும்பினா நீ எங்கடா நடந்துகினு போற?" என்றார் பாவா.

"நீங்க சுடுறதுக்கு மட்டும் தொடுங்க பாவா."

"தொட்டாலே திரும்புது."

அதைவிடப் பெரிய சிக்கல் கதவு. பழைய ஆட்டத்தில் ரகசியக் கதவு இருக்கும் கல் மட்டும் சற்று வெளுத்திருக்கும். படம் வரைந்தவர்களின் பிசகு அது. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கோட்டையிலும் வழி கண்டுபிடித்தோம். செப்பனிட்டவர்கள் அந்தப் பிசகைத் திருத்தி, எல்லாக் கல்லையும் ஒரே நிறமாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சுவராக முட்டிப் பார்த்தோம்.

"சுத்தினதையே சுத்திகினு இருக்கோம். தல வலிக்குதுடா."

"பழைய மாதிரி மாத்த எங்கியாவது இருக்கும் பாவா. கொஞ்சம் இருங்க."

"ஆங், பாரு."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றரைக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் வழியனுப்பக்கூட எழவில்லை. பழைய படங்களுக்கும் பழைய பட்டன்களுக்கும் மாற்றும் இடம் செட்டிங்ஸின் மூன்றாம் பக்கத்தில், கீழே, சிறிய எழுத்தில் இருந்தது. மாற்றினேன். இடது சுவரில் நாலாவது கல் வெளுத்திருந்தது. அப்போது மணி ஐந்து ஐந்து. பாவாவின் ரயில் அரக்கோணத்திலிருந்து கிளம்பும் நேரம் நாலே முக்கால்.