ஊசிக்குப் பயந்து தலையில் மாட்டிய கடற்கரை

கிளினிக்கில் டொக்டர் என் ரிப்போட்டைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “குளிசையால இனி இழுக்கேலாது. அடுத்த முறை வாறதுக்கிடையில உடம்பைக் குறைக்காட்டி இன்சுலின்தான். ஊசியை நீங்களே வீட்டில போடப் பழகலாம்.”

அந்தக் கடைசி வசனந்தான் என்னைக் கொன்றது. வேறு ஆராவது ஊசி போடுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு கத்தலாம். எனக்கு நானே போடுவதென்றால், கத்துகிறவனும் நான், ‘ஒண்டுமில்லை, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்’ என்று பொய் சொல்கிறவனும் நான். சின்ன வயதில் தடுப்பூசி போட வருகிறார்கள் என்றதும் பள்ளிக்கூட மதில் பாய்ந்தவன். இப்போது பாய்வதற்கு மதிலும் இல்லை, பாய்கிற உடம்பும் இல்லை.

நடந்து பார்க்கலாம் என்று வெளிக்கிட்டேன். மானிப்பாயில் நடுத்தர வயது மனிதன் ஒருவன் காரணமில்லாமல் றோட்டில் நடக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒழுங்கை முடிவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

“அண்ணை எங்கை போறியள்? ஏறுங்கோ.”

“இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ?” அவன் குரலைத் தாழ்த்தினான். “வீட்டில ஏதும் பிரச்சினையோ?”

என் குடும்ப மானத்தைக் காப்பாற்ற ஏறிவிட்டேன். முதல் நாள் நடை மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போய், இரண்டு வடை தின்று, ஓட்டோவில் வீடு வந்து முடிந்தது.

ஆகவே, படலையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்வது என்று தீர்மானித்தேன். வாத்தியார் திரைக்குள் இருப்பார், நான் ஹோலில் நிற்பேன், ஒழுங்கைக்கு ஒன்றும் தெரியாது. எந்த வாத்தியார் என்பதுதான் கேள்வி.

முதலில் போனில் ஒரு செயலியை இறக்கினேன். வயிற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்த ஒரு பெடியன் வந்து, நிலத்தில் படுத்து எழும்பச் சொன்னான். படுத்தேன். எழும்புகிற பகுதியை யோசித்துக்கொண்டு கிடந்தபோது மனைவி தும்புத்தடியோடு வந்தா. சுகமா இருக்கிறேனா என்று கேட்கவில்லை. “அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்கோ, கூட்டவேணும்,” என்றா. அன்று நான் செய்த ஒரே பயிற்சி காலைத் தூக்கியதுதான்.

அடுத்தது சென்னையிலிருந்து ஒருவர் வீடியோவில் நேரடியாக நடத்துகிற வகுப்பு. திரையில் பெட்டி பெட்டியாக இளசுகள், நடுவில் ஒரு பெட்டி நிறைய நான். “சார், வயித்தை உள்ள இழுங்க சார்,” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார் அவர். இழுத்துத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்ரநெற் போய்விட்டது என்று கையால் சைகை காட்டிவிட்டு, நானே நெற்றை நிறுத்தினேன்.

இதைக் கேள்விப்பட்ட கனடா அக்கா எனக்கு எதுவும் சரிவராது என்று முடிவுகட்டினா. “டேய், என்ரை மோன் பாவிக்காமல் ஒண்டு கிடக்கு. கண்ணில மாட்டினியெண்டா நீ கடற்கரையில நிண்டு குத்துச்சண்டை பிடிக்கலாம். அனுப்பிவிடுறன்.” திருவிழாவுக்கு வந்த ஒருவரின் சூட்கேசில் அந்த மெய்நிகர் பெட்டி சொக்கிலேற்றோடு வந்தது. சொக்கிலேற்றை மனைவி ஒளித்து வைத்தா. ஒளித்திருக்க வேண்டியது மற்றதை.

மாட்டியதும் ஹோல் இல்லாமல் போய்விட்டது. கதிரை இல்லை, அலுமாரி இல்லை, என் கால்கூட இல்லை. மூன்று பக்கமும் கடல், நாலாம் பக்கம் ஒரு வெள்ளைக்காரன், “வா, அடி” என்கிறான். எனக்கு மூச்சு முட்டியது. கழற்றலாம் என்றால் பின்பக்கப் பட்டி எங்கே என்று தெரியவில்லை. தடவித் திரிந்து அலுமாரியில் முட்டினேன்.

“என்னை வெளியில எடுங்கோ,” என்று கத்தினேன்.

“ஆர் உங்களை உள்ளுக்கை போகச் சொன்னது?” என்று குசினிக்குள் இருந்து மனைவியின் பதில் வந்தது.

அதற்குப் பிறகு பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விட்டது. அங்கே அது சும்மா கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. அது அக்காவின் கணக்கில் ஓடுகிற சாமான். நான் அடித்தாலும் அவவின் போனுக்குத் தெரியும், அடிக்காவிட்டாலும் தெரியும். கிழமைக்கணக்கில் தம்பி அசையவில்லை என்று அது சொல்லச் சொல்ல, அவ நான் கட்டிலோடு கிடக்கிறேன் என்று விளங்கிக்கொண்டா. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கடை குடும்பத்தில் ஒருவனுக்கு வருத்தம் என்றால் அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் விசாரிப்பதுதான் வழக்கம். அவனைக் கேட்டால் மறைப்பானாம். அக்கா கொடிகாமத்தில் இருக்கிற மாமிக்குப் போன் எடுத்து அழுதிருக்கிறா.

இதற்கிடையில் கிளினிக் நாள் கிட்டி வந்தது. ஊசிப் பயம் பெட்டிப் பயத்தை மிஞ்சிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்பிப் போனேன். இடது, வலது, இடது என்றான் வெள்ளைக்காரன். இந்தமுறை கொஞ்சம் பிடிபட்டது. வலதை ஓங்கிக் குத்தினேன். கை ஒரு தகரத்தில் பட்டது.

“அடியாதை தம்பி, சத்துமா ரின்.”

பெட்டியை நெற்றிக்கு ஏற்றினேன். ஹோலில் மாமியும் அவவோடு வந்த மூன்று சொந்தக்காரரும் செத்தவீட்டு முகத்தோடு நின்றார்கள். கையில் முந்திரிகைப்பழக் குலை, பிஸ்கட், சத்துமா.

“படுத்த படுக்கை எண்டெல்லோ உன்ரை கொக்கா அழுதவ,” என்றா மாமி.

“படுத்திருந்தா மரியாதையா இருந்திருக்கும் மாமி.”

வருத்தம் பார்க்க வந்தவர்கள் கெதியில் எழும்புவதில்லை. கொண்டுவந்ததை வருத்தக்காரன் அவர்கள் முன்னால் வாயில் வைக்கவும் வேண்டும். கிறீம் பிஸ்கட்டைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். ஒரு பக்கம் பிஸ்கட், ஒரு பக்கம் வாசலை மறித்த கதிரைகள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: சீனி ஏறிவிட்டது, உடம்பு இறங்காவிட்டால் ஊசி, அதுதான் இந்தக் கூத்து.

“உதுக்கோ?” மாமி கைப்பையைத் திறந்தா. “நான் கன காலமாப் போடுறன். சாப்பாட்டு நேரமாகுது, நில்.”

பேனை மாதிரி ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினா. சேலைத் தலைப்பை ஒதுக்கி, வயிற்றில் ஒரு மடிப்பைப் பிடித்தா. பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டே அதைக் கிட்டக் கொண்டுபோனா. நான் வாசலைப் பார்த்தேன். ஓட இடமில்லை. பெட்டியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டேன்.

கடல். கதிரை இல்லை, பிஸ்கட் இல்லை, ஊசி இல்லை. வெள்ளைக்காரன் மட்டும் நின்றான். எந்த வாத்தியார் என்ற கேள்வி அந்த இடத்தில் தீர்ந்துபோனது. செயலியிலும் வீடியோ வகுப்பிலும் ஹோல் அப்படியே தெரியும். இடது, வலது.

“மாமி, தேத்தண்ணிக்குச் சீனி போடட்டோ?” மனைவியின் குரல் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது.

“போடு பிள்ளை, ஊசி போட்டிட்டன்தானே.”

“அவருக்கு?”

“அவன் கடலுக்கை நிக்கிறான், விடு. மத்தியானத்துக்கு என்ன கறி?”

அவர்கள் போகும்வரை குத்துவது என்று முடிவெடுத்தேன். தோள்மூட்டு எரிந்தது, சாரம் நனைந்தது. தேத்தண்ணிக் கோப்பைகள் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சோற்றுக் கோப்பைகள் எடுக்கிற சத்தம். நான் குத்திக்கொண்டே நின்றேன்.