அகிலா சொன்ன பொறுப்பு

அகிலாவைத் தெருவில் மாத்திரைக்காரம்மா என்பார்கள். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரசு ஆஸ்பத்திரி சார்பில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பாள், சர்க்கரை மாத்திரை கொடுப்பாள், முகாம் வந்தால் ஆள் சேர்ப்பாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா மூஞ்சியக்கூடப் பாக்காம சீட்டு எழுதித் தள்றாங்க. முகாமுக்கு மட்டும் மைக் கட்டிக் கூப்புடுறீங்க" என்று ஏசுவார்கள். சிரித்துச் சமாளிப்பாள்.

போன தையில் நெஞ்சு எக்ஸ்ரே வேன் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் ஆண்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மதியம் அகிலா வெள்ளைச்சாமி வீட்டுக்கே போனாள். சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளிப் போடுவது அவர் வேலை. ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா மருந்து சாப்டலாம்ணே."

"தெரிஞ்சா கேட் பாஸ் போயிடும் தங்கச்சி."

"யாருக்கும் சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தைக்காக வந்தார். காசநோய் என்று முடிவு வந்தது. முகாமில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் வேனில் ஏறியதையும், அகிலா மருந்தோடு அந்த வீட்டுக்குப் போவதையும் ஊர் பார்த்தது. பத்தே நாளில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர், "ஒடம்பு தேறினப்புறம் வாய்யா" என்று சுரங்கத்துக்குள் விடும் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி சாமியம்மாள் கதவைப் பாதி திறந்து, "மாத்திரைய அங்கியே வச்சிட்டுப் போ. வூட்டுக்குள்ள வராத" என்றாள். அகிலா ஆறு மாதமும் வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். நோய் தீர்ந்தது. பாஸ் திரும்பவில்லை. வெள்ளைச்சாமி நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு வெட்டப் போனார்.

அதற்குள் அகிலாவின் புருஷன் விஜயராஜுக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. அதே கான்ட்ராக்டரிடம்தான் அவனுக்கும் வேலை. தங்களை யாருக்கும் தெரியாத டவுன் ஆஸ்பத்திரிக்கு, அவன் லீவு நாளில் அழைத்துப் போனாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "எக்ஸ்ரே மெசின் ரிப்பேர். செவ்வாக்கெழம வாங்க" என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

"சளிய எடுத்துக் குடுங்க, டெஸ்டுக்கு நான் கொண்டுபோறேன்" என்று கெஞ்சினாள்.

"ஒன் கையால வந்தா ஊருக்கே தெரியும். என்ன வுட்டுடு அகிலா."

இந்த மாதம் மறுபடி வேன். ஆள் குறையக்கூடாது என்று மேலிருந்து போன் வந்தது. நோட்டீஸோடு போனபோது எதிர்வீட்டுத் திலகவதி வழிமறித்தாள். அவள் புருஷனும் மைன்ஸுக்குப் போகிறவன்தான்.

"ஒன் வூட்டுக்காரரு வர்றாரா, அகிலா? அவரு வந்தா எங்க வூட்டுக்காரரயும் அனுப்புறேன்."

அகிலா கையிலிருந்த நோட்டைப் பிரித்தாள். வரமாட்டார் என்றால் தெருவில் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

"வருவாரு" என்றாள்.

திலகவதி புருஷன் பெயரைச் சொன்னாள். அகிலா எழுதிக்கொண்டாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.