உச்சி வெயிலுக்குக் காத்திருந்த இருபது நிமிடம்

அப்போது புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினோரு பிள்ளைகள். பூமி உருண்டை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் புத்தகத்தைக் காட்டுவார்கள்.

வருடத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் நிமிர்த்தி நட்ட குச்சிக்கு நிழல் விழாது. ஏப்ரலில் வரும் அந்த நாளைப் பற்றிச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா போர்வெல் வண்டியோடு ராஜஸ்தானில் இருந்தார். ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

“டீச்சர், எங்கப்பாவுக்கும் நெழலு உழுகாதுங்களா?”

“அங்க உழுகும் சாமி. அவரையே அளந்து சொல்லச் சொல்லு. பூமி வளைஞ்சிருக்கறது அதுலயே தெரியும்.”

அந்த நாள் வந்தது. வீட்டில் கிடந்த ஒரு அடி பைப் துண்டை எடுத்து வந்தாள். அங்கே அவரும் அதே நீளத்தில் ஒன்று அறுத்து வைத்திருந்தார். பன்னிரண்டே காலுக்கு எங்கள் பைப்பின் நிழல் சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போயிற்று. பிள்ளைகள் கத்திக்கொண்டு அவரவர் காலடியைக் குனிந்து பார்த்தார்கள்.

என் போனில் அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் இருக்கும் ஊர் மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே உச்சிப் பொழுது வர இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்றேன்.

“அப்ப வெச்சுட்டு மறுபடி கூப்புடட்டுங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“வேண்டாங்க. லைன்லயே இருங்க” என்றேன்.

மற்ற பிள்ளைகள் தட்டோடு சத்துணவுக்கு ஓடினார்கள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

“சோறு உண்டாச்சா சாமி?”

“இல்லீங்கப்பா. அங்க வெயிலுங்களா?”

“கண்ணுக்கெட்டுன மட்டும் வெயிலும் மணலுந்தான்.”

பின்னால் யாரோ இந்தியில் அவரைக் கூப்பிட்டார்கள். “இருய்யா, எம்புள்ளைக்குப் பாடம் நடக்குது” என்று தமிழிலேயே சத்தம் போட்டார்.

“நம்மூருக் கோயில் நோம்பிக்கு வாரீங்களாப்பா?”

“வாரேன் சாமி.”

“போன நோம்பிக்கும் இதேதான் சொன்னீங்க.”

“பைப்பு நேரா நிக்குதான்னு பாக்கறேன், இரு” என்றார்.

நேரம் வந்ததும் அளந்தார். “நாலு வெரக்கட இருக்குது. வடக்க பாத்து உழுந்திருக்குது.”

அவள் தன் நான்கு விரல்களைச் சேர்த்துத் தரையில் வைத்துப் பார்த்தாள். “இது எத்தன தூரங்க டீச்சர்?”

“ரயில்ல போனா ரெண்டு நாளுக்கு மேல ஆகும்.”

விரல்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூனில் அவள் அம்மா டிசி வாங்க வந்தார். “நோம்பிக்கு அவரு வரலீங்க. இனி அங்கயே குடோனப் பாத்துக்கற வேலையாம். நாங்களே போறமுங்க.”

அம்மாவின் பின்னால் நின்றவள் கேட்டாள். “அங்க எப்பவாச்சும் நெழலே இல்லாத நாளு வருமுங்களா டீச்சர்?”

அவ்வளவு வடக்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. “வராது சாமி.”

“பரவால்லீங்க. எங்கப்பா இருக்கறாரு.”

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் கிரகணம் நடத்தும்போது இவள் என்னென்ன கேட்பாள் என்று நான் அதற்குள் யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பாடத்தைப் பத்துப் பேருக்கு நடத்தினேன். டார்ச்சும் பந்தும் வைத்துக் காட்டியதை நன்றாகவே பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் ஒரு மதியம் அவள் அப்பா எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. நான் சேலத்தில் பயிற்சிக் கூட்டத்தில் இருந்தேன். போன் பையில் இருந்தது. சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. அன்றைக்கு அவள் கேட்க நினைத்தது என்னவென்று தெரிந்துகொள்ள இன்றும் மனம் கிடந்து தவிக்கிறது.