சத்தம் ஆகாத வீடு

அன்புமணி வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்க்கமாட்டான். நடுவீட்டில் நின்று பளாரென்று ஒரு தட்டு கைதட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். தட்டிய சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். கூட வந்த வீட்டுக்காரர் இவனுக்கு ஏதாவது கோளாறோ என்று மெர்சியைப் பார்ப்பார். அவள் சிரித்துச் சமாளிப்பாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் அவன் ஃபிட்டர். முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பான். அவன் மனைவி மெர்சி சர்ச் பாட்டுக் குழுவில் பாடி வளர்ந்தவள், கச்சேரியிலும் பாடினாள். 1996 ஆடி மாதம் ஒரு கேசட் கம்பெனிக்காரர் அவள் குரலைக் கேட்டுவிட்டு, சொந்தமாகப் பத்துப் பாட்டு நீங்களே பதிந்து பொங்கலுக்குள் கொண்டுவாருங்கள், கேசட் போட்டுத் தருகிறேன் என்றார். ஸ்டுடியோ எடுக்க இவர்களுக்குக் கட்டாது. உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் அப்துல் மஜீத்திடம் ஒரு ரெக்கார்டரை வாங்கினான் அன்புமணி. பாக்கி ஒரு வீடுதான். மெர்சிக்கு நான்காம் மாதம். பிள்ளை பிறந்துவிட்டால் அதுதான் பாடும், நான் பாட முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

இருந்த லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விட்டாலும் டேப்பில் பதியும். அமைதியான தெருவில் பாடிப் பழக விடமாட்டார்கள், பழக விடுகிற தெருவில் பஸ் சத்தம் பதிவைக் கெடுக்கும். ஏழெட்டு வீடு பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். இவன் உள்ளதைச் சொன்னான். கடைசியில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பாட்டுன்னா சத்தம் வரும், சத்தம் ஆகாதுங்க.

வெகுளிப் பயல் அதை அப்படியே நம்பினான். மெஸ்களில் சொல்லி வைத்து முட்டை அட்டைகளாகச் சேர்த்தான். சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாதாம்.

அப்புறம் கிடைத்தது பாலுசாமியின் வீடு. அது முன்னே பஞ்சு குடோனாக இருந்தது. முழங்கை அகலச் சுவர். அன்புமணி கைதட்டினான், தட்டியது அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அவன் முகத்தை அப்படி ஒரு பிரகாசத்தோடு மெர்சி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாலுசாமியின் சொந்தப் பட்டறை. ஆறு நாளும் இரும்படி. அந்த இடியில் இவர்கள் எவ்வளவு பழகினாலும் ஒருவருக்கும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, அன்றைக்குப் பதிந்துகொள்ளலாம். இவர்களுக்காகவே கட்டியது போல இருந்தது. பாலுசாமி ஊர் பெயரோடு விசாரணையை நிறுத்திக்கொண்டு, "வாங்க அம்மணி" என்று மெர்சிக்கு மோர் கொடுத்தார். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அன்புமணி தன் தகப்பன் அங்கப்பனின் தப்பட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனான். பத்துப் பாட்டும் அந்த அடியின் மேல் கட்டியவை. அவிநாசிப் பக்கத்துக் கிராமத்தில் சாவு, கோயில் நோம்பி எல்லாவற்றுக்கும் அங்கப்பன் அடித்த அடி. கைதட்டலில் தெரியாதது தப்பட்டையில் தெரியும், வீட்டின் அடிவயிறு வரைக்கும் தெரியும். ஆனால் சாரல் காற்றுக்குத் தோல் தொய்ந்து கிடந்தது. வாசலில் தென்னை ஓலையைக் கொளுத்தி, தப்பட்டையைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினான். நாலு வயசிலிருந்து செய்கிறவன் கை அது. பார்க்கிற யாருக்கும் தெரிந்துபோகும்.

பாலுசாமி அந்த வழியாக வந்தவர் நின்றார். "ஏனுங்க தம்பி, அது யாருதுங்க?"

கச்சேரிக்கு வாடகைக்கு எடுத்தது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். காய்ந்த தோல் விண்ணென்று பேச ஆரம்பித்திருந்த சந்தோஷத்தில் அவனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

"எங்கய்யனதுங்க," என்றான் பெருமையாக.

பாலுசாமி தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் அட்வான்ஸ் திரும்பி வந்தது. அன்புமணி ஓடினான். அவர் உட்காரச் சொல்லவில்லை, கோபமும் படவில்லை. "எனக்கொண்ணுமில்லீங்க தம்பி. ஊட்டுல சத்தம் ஆகாதுங்கறாங்க," என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இரும்படி நடந்துகொண்டிருந்ததால் அதை இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் செருப்பால் அடித்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

அன்றைக்குத்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. சேர்த்த முட்டை அட்டைகளைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வீடு துடியலூர்ப் பக்கம், சுப்பாத்தாள் என்கிற அம்மாவுடையது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். மெர்சி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, வாத்தியாருங்க என்றான். அவ்வளவுதான். பாட்டைப் பற்றி முன்கூட்டிச் சொன்னபோது, அதுக்கென்ன கண்ணு, நல்ல விசயந்தானே என்றுவிட்டார் சுப்பாத்தாள். சத்தம் என்ற பேச்சே எழவில்லை.

தப்பட்டை சாக்கில் சுற்றி அப்துல் மஜீத் கடைப் பரணுக்குப் போயிற்று. அடிக்கு ரிதம் பேடு வைத்துக்கொள்ளலாம் என்றான். "அதுமேல கட்டுன பாட்டுங்க. அதை எடுத்துப்போட்டு நான் என்னத்தைப் பாடறது?" என்று மெர்சி கேட்டாள். அவன் எரிந்து விழுந்தான், அவள் அழுதாள், பிறகு பாடினாள். பத்துப் பாட்டும் கார்த்திகைக்குள் முடிந்தது. மகன் புது வீட்டைப் பார்க்க அங்கப்பன் மூன்று தரம் வருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மூன்று தரமும் அன்புமணி, நானே வாரேன் என்று தடுத்துவிட்டான். அவன் போகவும் இல்லை.

மாசியில்தான் போனான், கேசட்டோடும் கைக்குழந்தையோடும். அங்கப்பன் டேப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டார். அவர் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. கேசட் முடிந்து பட்டன் தானாக எழும்பிய பிறகும் இன்னும் ஏதோ இருக்கிறது என்று காத்திருந்தார்.

"நல்லாருக்குது கண்ணு. நம்ம தப்பட்டை எந்தப் பாட்டுல வருது?"

அன்புமணி கேசட்டை எடுத்து டப்பாவில் போட்டான்.

"அந்த ஊட்டுல சத்தம் ஆகாதுங்கய்யா," என்றான்.

அங்கப்பன் சரி என்று தலையாட்டினார். மெர்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.