இளைஞர் கூட்டத்துக்கு வந்தவர்கள்

சர்வதேச இளைஞர் கொள்கை ஒன்றை எழுத, கிராமத்து இளைஞர்களிடம் நேரில் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு அமைப்பு விரும்பியது. அதற்காக கிளாரா என்ற அதிகாரி வந்தார். நான் அப்போது உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஃபீல்டு கோஆர்டினேட்டர். ஆள் திரட்டுவதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை.

புதன்கிழமை காலை மானாம்பதி சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. கிளாரா சுற்றிலும் பார்த்துவிட்டு, "இவர்கள் இளைஞர்களின் பெற்றோரா?" என்று மெல்லக் கேட்டார்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசையில் டை. முன்வரிசையில் தனசேகர், ஒரு கட்சியின் இளைஞர் அணிச் செயலாளர். வயது நாற்பத்தாறு.

"அண்ணே, இவங்க கணக்குல இருபத்துநாலு வயசு வரைக்கும்தான் இளைஞர்," என்றேன்.

"அப்ப எங்க கட்சி இன்னா தப்பாவா பேர் வச்சிக்கீது?" என்றார். "என் பொண்ணுக்கே இருபது ஆவுது. அது எப்டி மீட்டிங் வரும்? கம்பெனி பஸ் ஏறிப் பூட்ச்சே."

மொழிபெயர்த்தேன். கிளாரா எழுந்துகொண்டார். "அந்தப் பஸ் எப்போது திரும்பும்?"

மாலையில் கிளாரா, தனசேகர், நான் மூவரும் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தோம். தனசேகரின் மகள் சங்கீதா தூக்கக் கண்ணோடு இறங்கினாள். நான் கொள்கை, பங்கேற்பு என்று ஆரம்பித்தேன்.

"சார், நாள் பூரா நின்னுக்கினே வேல செஞ்சதுல கால் கடுக்குது. சுருக்கமா சொல்லுங்க."

"உனக்கு என்ன வேணும்னு கேக்கறாங்கம்மா."

"பி.காம். பாதில நிக்குது. ஞாயித்துக்கெழம இங்கியே கிளாஸ் இருந்தா முடிச்சிடுவேன். உங்க மீட்டிங்கயும் ஞாயித்துக்கெழம வைங்க. அன்னிக்குத்தான் எங்களுக்கு லீவு."

தனசேகர் குறுக்கிட்டார். "படிப்பு புடிக்கலன்னுதானே நீ சொன்ன?"

"அம்மா ஆஸ்பத்திரில இருந்துச்சு நைனா. வேற இன்னா சொல்றது?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. கிளாராவும் கேட்கவில்லை.

ஞாயிறன்று கூடத்தில் கொட்டாவி விட்டபடி நிஜமான இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனசேகர் வாசலில் நின்று, தன் வயதுக்காரர்களை டீ போட அனுப்பிக்கொண்டிருந்தார்.

கொள்கை எந்தெந்த நாட்டில் நடைமுறைக்கு வந்ததோ, எனக்குத் தெரியாது. உத்திரமேரூரில் எங்கள் நிறுவனம் ஞாயிறு வகுப்பு தொடங்கியது. சங்கீதா பட்டம் வாங்கிவிட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இளைஞர்களிடம் கருத்துக் கேட்கப் போகும் முன், அவர்களுக்கு என்றைக்கு லீவு என்று விசாரியுங்கள். மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் அப்பா நின்றால் அவருக்கும் சேர்த்து.