ஒரே ‘கொ’, இரண்டு எண்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூணுகால் அக்கா என்றே பட்டப்பெயர். நர்சுகளின் போனில் ஓடும் ப்ரோக்ராம் அவள் எழுதியது. போன் அனுப்புவதை வாங்கி வைக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு எழுதுபவள் அவளுடைய நாத்தனார். ஒரே அறை, வேறு வேறு கம்ப்யூட்டர் மொழி. வீட்டிலும் ஒரே சமையலறை. கேட்கவா வேண்டும்!

ஒவ்வொரு நோயாளியின் விவரத்தோடும் போன் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். பெரிய கம்ப்யூட்டர் தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒத்துவந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. சில நோயாளிகள் மட்டும் வெளியிலேயே நின்றார்கள். “சாயந்திரத்துக்குள்ள சரியாகலன்னா பழையபடி காகிதம்தான்” என்று சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். ஒரு வருட உழைப்பு. அத்தனையும் வீணாகிவிடும்.

“உங்க கணக்குதான் தப்பு, அண்ணி.”

“என்னுது சுத்தம். உன்னுதைப் பாரு.”

அத்தோடு பேச்சு நின்றது. இருவரும் மாறி மாறி போன் போட்டுப் புலம்பியதில், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கியவன் அக்காவின் கணவன்.

மதியம் அக்காவுக்குப் பிடிபட்டது. வெளியே நின்ற பெயர்களிலெல்லாம் ‘கொ’வோ ‘மோ’வோ இருந்தது. அவள் போன் அந்த எழுத்தின் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணியது. நாத்தனாரின் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒட்டி ஒன்றாக எண்ணியது. பார்வைக்கு ஒரே எழுத்துதான். இதில் யார் மேலும் தப்பில்லை, ஒருத்தி மாறினால் போதும்.

பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, அக்கா இறங்கிவந்தாள். போனிலும் ஒட்டியே கணக்குப் போடும்படி மாற்றினாள். அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு மட்டும் இறங்கவில்லை.

அனுப்பிப் பார்த்தாள். எண் ஒத்துவரவில்லை!

வராந்தாவில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது. அக்கா சட்டென்று நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“ஏய், நீ எதையாவது தொட்டியா?”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்களோட மல்லுக்கட்ட முடியாதுன்னு, நானே கொம்பையும் காலையும் பிரிச்சுட்டேன், அண்ணி.”

“அடிப்பாவி! நான் இங்க ஒட்டி வெச்சிருக்கேன்டி!”

இருவர் கைகளும் ஒரே நேரத்தில் கீபோர்டுக்குப் பாய்ந்தன.

“நில்லு! ரெண்டு பேரும் மாத்தினா மறுபடியும் கெட்டுது. நீ மட்டும் பழையபடி ஒட்டு.” அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

எண் ஒத்துவந்தது. நின்றவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள்.

கதவைத் திறந்த டாக்டர் கேட்டார்: “இவ்வளவு நேரம் என்னதாம்மா பண்ணீங்க?”

“விட்டுக்கொடுத்துட்டு இருந்தோம், டாக்டர்” என்றாள் அக்கா.